அப்பாவோட 800-ம் ஒரு பெட்ரோல் ஃபில்டரும்

 வழக்கமா நாம இங்க வேலை, கோடு, சம்பளம், சேமிப்புன்னு பேசுவோம். இன்னைக்கு கையில கிரீஸ் ஒட்டுற விஷயம். எங்க வீட்ல ஒரு பழைய கார் இருக்கு. அதோட பெட்ரோல் ஃபில்டரை நானே மாத்தினேன், கூடவே சின்னதா ஒரு சர்வீஸும் பண்ணினேன். அதுல ஒரு தப்பும் பண்ணினேன். அந்தத் தப்பைச் சொல்றதுக்காகத்தான் முக்கியமா இந்த எபிசோடு.

வண்டி மாருதி 800. 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. 1983 டிசம்பர்ல முதல் 800 டெல்லிக்காரர் ஒருத்தர் கையில சாவியோட போச்சு. 2014 ஜனவரியில உற்பத்தியை நிறுத்தினாங்க. நடுவுல 30 வருஷம். நம்ம அப்பாக்கள்ல பாதிப் பேரு கார் ஓட்டக் கத்துக்கிட்டதே அதுலதான். எங்க அப்பா ஜமக்காளம் வியாபாரம். பின்சீட்டை மடிச்சுட்டு, பவானியில இருந்து ஈரோடு வரைக்கும் ஜமக்காளக் கட்டு ஏத்திட்டுப் போன வண்டி அது. நான் இன்ஜினியரிங் காலேஜ் சேர்ந்த அன்னைக்கு பெட்டி படுக்கையோட போனதும் அதுலதான்.

மேம்பாலத்துல நின்ன வண்டி

போன வருஷம் ஒரு முகூர்த்த நாள். நான், அப்பா, அம்மா மூணு பேரும் பெருந்துறையில ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். ஊருக்குள்ள நல்லாத்தான் ஓடுச்சு. பைபாஸ்ல ஒரு மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டர் மிதிச்சா வண்டி இழுக்கல. ரெண்டு தடவை குலுங்குச்சு. அப்படியே நின்னுபோச்சு. பின்னாடி ஒரு லாரி ஹார்ன் அடிச்சுட்டே வந்து, கடைசி நேரத்துல ஒதுங்கிப் போச்சு. அம்மா பின்சீட்ல கண்ணை மூடிட்டாங்க.

அஞ்சு நிமிஷம் கழிச்சு சாவியைத் திருப்பினேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. மெதுவா ஓட்டினா ஓடுது. கொஞ்சம் வேகம் எடுத்தா மறுபடி குலுங்குது. கல்யாணத்துக்கு ஒரு வழியா போய்ச் சேர்ந்தோம். திரும்பி வரும்போது அம்மா பஸ்ல வந்தாங்க.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினோம். பத்து நிமிஷம் பார்த்துட்டு, "கார்புரேட்டர் போச்சுங்க, மாத்தோணும், எட்டாயிரம் ஆகும்"னு சொன்னாங்க. அப்பா வீட்டுக்கு வந்து, "வித்துப்போடலாம் கண்ணு"ன்னாரு. பழைய இரும்புக்கு எடுக்கிறவரு ஒருத்தரு ஏற்கெனவே ரெண்டு தடவை வந்து விலை கேட்டுட்டுப் போயிருந்தாரு. அப்பா அதைச் சொன்ன விதம்தான் என்னைத் தொந்தரவு பண்ணுச்சு. வண்டி மேல அவருக்குக் கோபம் இல்ல. அம்மா பயந்துட்டாங்களேன்னு ஒரு குற்ற உணர்ச்சி.

நான், "ஒரு வாரம் டைம் குடுங்கப்பா"ன்னேன்.

ஐடிலிங்ல ஓடுது, ஏத்தத்துல ஏன் நிக்குது?

வேலையில ஒரு பக் வந்தா நாம என்ன பண்ணுவோம்? உடனே சர்வரையே மாத்த மாட்டோம். எப்ப வருது, எப்ப வரலன்னு எழுதி வைப்போம். அதையேதான் இங்கயும் பண்ணினேன். ஐடிலிங்ல பிரச்சினை இல்ல. சமதளத்துல 40-ல போனா பிரச்சினை இல்ல. ஏத்தத்துலயும் வேகத்துலயும் மட்டும் வருது. நிறுத்தி அஞ்சு நிமிஷம் விட்டா சரியாகுது.

இந்தக் கடைசி வரிதான் துப்பு. கார்புரேட்டருக்குள்ள ஃப்ளோட் சேம்பர்னு ஒரு சின்னத் தொட்டி இருக்கு. பம்ப் அனுப்புற பெட்ரோல் முதல்ல அதுல நிறையும். எஞ்சின் அதுல இருந்துதான் உறிஞ்சும். மொபைல்ல வீடியோ பார்க்கும்போது பஃபர் ஆகுதுல்ல, அதே கதை. நெட் மெதுவா இருந்தாலும் பஃபர் இருக்கிற வரைக்கும் படம் ஓடும். தீர்ந்தா வட்டம் சுத்தும். கொஞ்ச நேரம் விட்டா மறுபடி நிறையும்.

ஐடிலிங்ல எஞ்சினுக்கு சொட்டு சொட்டா வந்தாலே போதும். ஏத்தத்துல பல மடங்கு வேணும். வழியில எங்கயோ அடைப்பு இருந்தா, தொட்டி நிறையிற வேகத்தை விட காலியாகுற வேகம் அதிகமாகும். வண்டி நிக்கும். அஞ்சு நிமிஷத்துல தொட்டி மெல்ல நிறையும். வண்டி கிளம்பும். அப்ப பிரச்சினை கார்புரேட்டர்லயே இருக்கணும்னு அவசியம் இல்ல. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல எங்க வேணும்னாலும் இருக்கலாம். அந்த வழியில ரொம்ப மலிவா, சுலபமா மாத்தக்கூடிய பாகம் எது? ஃபில்டர்.

இன்னொரு சாட்சியும் கிடைச்சுது. ஸ்பார்க் பிளக் மூணையும் கழட்டிப் பார்த்தேன். நல்லா எரியிற எஞ்சின்ல பிளக் நுனி காப்பிப்பொடி மாதிரி வெளிர் பழுப்பா இருக்கும். கரி பிடிச்சுக் கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகமா போகுதுன்னு அர்த்தம். வெளுத்துப்போய் இருந்தா கம்மியா போகுது. எங்களோடது மூணும் வெளுத்திருந்துச்சு. எட்டாயிரம் ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி நூத்திச்சொச்சம் ரூபாய் செலவு பண்ணிப் பார்க்கலாம்னு முடிவு பண்ணினேன்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

இந்தப் பகுதியைத் தயவுசெஞ்சு தள்ளிவிட்டுட்டுப் போயிடாதீங்க.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்லயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடும். நம்ம ஊர் வெயில்ல கேக்கவே வேண்டாம். அந்த ஆவி காத்தை விட கனம். மேல போகாது, தரையோட தவழ்ந்து பள்ளமான இடத்துல தேங்கி நிக்கும். அதனால மூடின ஷெட்டுக்குள்ள செய்யக்கூடாது. திறந்த இடத்துல, எஞ்சின் முழுசா ஆறின பிறகு, பகல் வெளிச்சத்துல. பக்கத்துல அடுப்பு, விளக்கு, பீடி சிகரெட் எதுவும் கூடாது. ஒரு பவுடர் தீயணைப்பான், ஒரு பக்கெட் மணல் பக்கத்துல இருக்கட்டும். பெட்ரோல் தீயில தண்ணி ஊத்தினா தீ மிதந்து பரவும்.

முதல் வேலை பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டுறது. ரெண்டாவது, பெட்ரோல் டேங்க் மூடியை ஒரு தடவை திறந்து மூடுறது, உள்ள இருக்கிற காத்தழுத்தம் போயிடும்.

இன்னொண்ணு. நான் சொல்றது கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும். அதுல பெட்ரோல் லைன்ல அழுத்தம் ரொம்பக் கம்மி. எம்.பி.எஃப்.ஐ. வண்டின்னா எஞ்சினை நிறுத்தின பிறகும் லைன்ல அழுத்தம் இருக்கும். குழாயைக் கழட்டினா முகத்துல பீச்சி அடிக்கும். அதுக்கு முதல்ல அழுத்தத்தை இறக்கணும், அதுக்கு வேற முறை இருக்கு. இப்ப வர்ற பல பெட்ரோல் கார்கள்ல ஃபில்டர் டேங்குக்குள்ள பம்போட சேர்ந்தே இருக்கு. டீசல் வண்டின்னா லைன்ல புகுந்த காத்தை எடுக்கணும். உங்க வண்டி எந்த வகைன்னு தெரியாம ஸ்பேனர் எடுக்காதீங்க.

ஃபில்டர் மாத்தின கதை

ஃபில்டர் எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? டேங்குல இருந்து வர்ற குழாயைப் பின்தொடர்ந்து போனா போதும். சில வண்டியில அடியில இருக்கும், சிலதுல பானட்டுக்குள்ள இருக்கும். எங்க வண்டியில எப்பவோ ஒரு மெக்கானிக் பழைய ஃபில்டரை எடுத்துட்டு, பானட்டுக்குள்ள சின்னதா ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர் வச்சிருந்தாரு. எனக்கு அது வசதியாப் போச்சு. அடியில இருந்தா வண்டியைத் தூக்கணும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில படுக்கவே கூடாது. சக்கரத்துக்குக் கட்டை வச்சு, ஜாக் ஸ்டாண்டுல நிறுத்தின பிறகுதான் தலையை உள்ள விடணும்.

கண்ணாடி மாதிரி தெரிய வேண்டிய அந்த ஃபில்டர் டீ டிக்காக்‌ஷன் நிறத்துல இருந்துச்சு. கடைசியா எப்ப மாத்தினோம்னு அப்பாவைக் கேட்டேன். "ஃபில்டர்னு ஒண்ணு இருக்குங்கிறதே நீ சொல்லித்தான் தெரியும்"னாரு.

ஈரோட்டுல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஃபில்டரும் நாலு கிளிப்பும் வாங்கினேன். கடைக்காரர், "ஹோஸ் வேண்டாங்களா?"ன்னு கேட்டாரு. பழசே நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

வேலை ரொம்ப எளிமை. ஒரு தகரத் தட்டை அடியில வச்சேன். பழைய கிளிப் ரெண்டையும் தளர்த்தி ஹோஸைத் திருகித் திருகி உருவினேன். ஒரு டம்ளர் அளவுக்குப் பெட்ரோல் கொட்டுச்சு. புது ஃபில்டர் மேல ஒரு அம்புக்குறி இருக்கும். அது பெட்ரோல் ஓடுற திசை. எஞ்சின் பக்கமா, கார்புரேட்டரை நோக்கி இருக்கணும். மாட்டினேன். கிளிப்பை இறுக்கினேன். கொட்டின பெட்ரோலைத் துடைச்சு, ஆவி எல்லாம் போற வரைக்கும் அரை மணி நேரம் காத்திருந்து, பேட்டரியை மாட்டி செல்ஃப் அடிச்சேன். காலியான லைன்ல பெட்ரோல் ஏற கொஞ்சம் நேரம் ஆகும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல அடிக்காம, விட்டு விட்டு அடிச்சா செல்ஃப் மோட்டார் தாங்கும். நாலாவது தடவை ஸ்டார்ட் ஆச்சு.

பழைய ஃபில்டரைத் தலைகீழா ஒரு எவர்சில்வர் தட்டுல தட்டினேன். செங்கல் தூள் மாதிரி கொட்டுச்சு. டேங்க் துரு. எங்க வண்டி மாசக்கணக்குல நிக்கும். அரை டேங்க் காலியா இருந்தா உள்ள இருக்கிற காத்தோட ஈரம் தண்ணியாகும், தகரம் துருப்பிடிக்கும். அந்தத் தட்டுதான் எனக்கு லாக் ஃபைல்.

அதே மேம்பாலத்துக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். மூணாவது கியர்ல சும்மா இழுத்துட்டு ஏறுச்சு. அப்பா ஒண்ணும் பேசல. டேஷ்போர்டை ரெண்டு தட்டு தட்டினாரு.

விளக்கு வைக்கிற நேரம்

கதை இங்கயே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து வண்டியைப் போர்டிகோவுல விட்டேன். சாயங்காலம் ஆறு மணி. அம்மா வாசல்ல விளக்கு வைக்க தீப்பெட்டியோட வந்தவங்க, "ஏஞ்சாமி, ஒரு நாத்தம் வருதே, கேஸை மூடினியா?"ன்னு கேட்டாங்க. நான் லேப்டாப்ல இருந்தேன். "காலையில கொட்டின பெட்ரோல் வாசம்மா"ன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் யோசிச்சேன். காலையில கொட்டினது வெளியில, களத்துல. போர்டிகோவுல இல்ல.

ஓடிப்போய்ப் பார்த்தா, வண்டிக்கு அடியில உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அம்மா நின்ன இடத்துக்கும் அதுக்கும் எட்டடிகூட இருக்காது.

"அம்மா, பத்த வைக்காதீங்க"ன்னு நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. லைட் சுவிட்சையும் யாரையும் தொட விடல. வண்டியை ஸ்டார்ட் பண்ணாம, நியூட்ரல்ல போட்டு நாலு பேரா வெளிய தள்ளினோம். ஈரத்து மேல மணல் கொட்டினோம். அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல விளக்கு எரியல. என் கை நடுங்கினது நிக்க ரொம்ப நேரம் ஆச்சு.

மறுநாள் காலையில தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தரைக் கூப்பிட்டேன். பார்த்த உடனே சொன்னாரு: "தம்பி, பழைய ஹோஸை எதுக்குங்க மறுபடி போட்டீங்க?" ஹோஸோட நுனியை விரலால மடக்கினாரு. முறுக்கு மாதிரி வெடிச்சுது. வருஷக்கணக்கா ஒரே இடத்துல இருந்த ரப்பர் விறைச்சுப் போயிருக்கும். அதை உருவி மறுபடி மாட்டும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். நான் கசியக்கூடாதேன்னு கிளிப்பை ஓவரா இறுக்கினதுல அது இன்னும் கிழிஞ்சிருக்கு. ஓட்டிட்டு வந்து நிறுத்தின பிறகு எஞ்சின் சூட்டுல லைன்ல இருந்த பெட்ரோல் விரிஞ்சு, அந்தக் கீறல் வழியா சொட்டியிருக்கு.

நான் லீக் செக் பண்ணலையான்னு கேப்பீங்க. பண்ணினேன். ஐடிலிங்ல ஒரு நிமிஷம். அவ்வளவுதான். நம்ம மொழியில சொன்னா, என் மெஷின்ல ஓடுச்சு, அதனால புரொடக்‌ஷனுக்கு அனுப்பிட்டேன். அண்ணன் சொல்லிக்கொடுத்த முறை இது. ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால தொட்டுப் பார்க்கணும். பேப்பர் ஈரமாகக்கூடாது. ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, நிறுத்திக் கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பார்க்கணும். மறுநாள் காலையில மூணாவது தடவை. அதுவரைக்கும் வண்டி வீட்டுக்கு வெளியில நிக்கணும். புது ஹோஸ் வாங்கும்போது மேல எஸ்.ஏ.இ. ஜே30ன்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, அது எரிபொருளுக்குன்னே செய்யுறது. தண்ணிக் குழாயை வெட்டிப் போடக்கூடாது.

ஒரு மீட்டர் ஹோஸ் நூத்தம்பது ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இவ்வளவும்.

மத்த சர்வீஸ் வேலை

அதுக்கப்புறம் பயந்து ஒதுங்கிடல. நிதானமா, அண்ணன்கிட்ட கேட்டுக் கேட்டு மீதியைச் செஞ்சேன்.

எஞ்சின் ஆயில்: எஞ்சினை ரெண்டு நிமிஷம் ஓட விட்டு வெதுவெதுப்பா இருக்கும்போது கீழ இருக்கிற டிரெயின் போல்ட்டைக் கழட்டினா பழைய ஆயில் முழுசா இறங்கும். ஆயில் ஃபில்டரையும் கூடவே மாத்தணும். புது ஃபில்டரோட ரப்பர் வளையத்துல கொஞ்சம் ஆயில் தடவி, கையாலயே இறுக்கினா போதும். டின்ல இருக்கிறதை எல்லாம் கவுத்துடாம டிப்ஸ்டிக்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிறுத்தணும்.

பழைய ஆயிலை என்ன பண்றது? சாக்கடையில ஊத்தாதீங்க. நாம காவிரியும் பவானியும் சேர்ற ஊர்க்காரங்க. காலிங்கராயன் வாய்க்கால் நம்ம ஊர்லதான் தொடங்குது. நம்ம சாக்கடை எங்க போய்ச் சேரும்னு நமக்கே தெரியும். பழைய கேன்ல ஊத்தி, பழைய ஆயில் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்ல கொடுத்துடலாம்.

ஏர் ஃபில்டர், பிளக், பேட்டரி முனை, வைப்பர், டயர் காத்து எல்லாம் தாராளமா வீட்டுலயே பார்க்கலாம். கூலன்ட் பார்க்கும்போது ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட திறக்காதீங்க. பிரேக்கை மட்டும் நான் தொடல. வண்டி ஓடலன்னா ரோட்டோரம் நிக்கலாம். நிக்கலன்னா?

எத்தனால் விஷயம்

நிறைய பேர் கேக்குற கேள்வி இது. 2022 ஜூன்ல நம்ம நாட்டுப் பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால் வந்துச்சு. 2023 பிப்ரவரியில 20 சதவீதம் கலந்தது அறிமுகமாச்சு. 2025-ல கிட்டத்தட்ட எல்லா பங்க்லயும் அதுதான். கரும்புல இருந்தும் தானியத்துல இருந்தும் எடுக்கிறது. கரும்பு விவசாயி இருக்கிற ஊர்ல நான் அதைத் திட்ட வரல. ஆனா 1997-ல செஞ்ச ரப்பர் இந்தக் கலவையை மனசுல வச்சு செஞ்சது இல்ல. எத்தனால் சில வகை ரப்பரை ஊற வைக்கும், விறைக்க வைக்கும். தண்ணியை இழுத்து வச்சுக்கும். டேங்க்ல வருஷக்கணக்கா படிஞ்ச பிசினைக் கரைச்சு எடுத்துட்டு வந்து ஃபில்டர்ல சேர்க்கும். 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகமே, சில பழைய வண்டிகள்ல 20,000-ல இருந்து 30,000 கிலோமீட்டருக்கு அப்புறம் சில ரப்பர் பாகங்களை மாத்த வேண்டி வரலாம்னு சொல்லியிருக்கு.

அதனால பழைய வண்டி வச்சிருக்கிறவங்க ரெண்டு விஷயம் பண்ணுங்க. எரிபொருள் ஹோஸ் எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திடுங்க. வண்டியை மாசக்கணக்குல நிறுத்தி வைக்காம வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டுங்க. நான் 500 கிலோமீட்டர்ல புது ஃபில்டரைப் பார்த்தேன். மறுபடி பழுப்பு தட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. டேங்கைக் கழட்டிச் சுத்தம் பண்ற வரைக்கும் அது நிக்காது. அந்த வேலையை ஒர்க்‌ஷாப்ல கொடுத்தேன்.

விக்கலாமா, வச்சுக்கலாமா?

கணக்கா பார்த்தா இந்த வண்டிக்கு நியாயம் இல்ல. 2022-ல ஆர்.சி. புதுப்பிச்சப்ப கட்டணம் ஐயாயிரம். 20 வருஷம் தாண்டின காருக்கு 2025-ல அதைப் பத்தாயிரமாக்கிட்டாங்க. 2027-ல எங்களுக்கு மறுபடி வருது. ஏர்பேக் இல்ல, ஏ.பி.எஸ். இல்ல. அதனால வீட்ல ஒரு முடிவு எடுத்தோம். இந்த வண்டி இனி ஹைவேக்குப் போகாது. அம்மாவை வெளியூர் கூட்டிட்டுப் போகணும்னா வேற வண்டி. இது அப்பாவோட உள்ளூர் வண்டி. சந்தைக்கு, கூடுதுறைக்கு, தறிக்காரங்க வீட்டுக்கு. 2027-ல மறுபடி உக்காந்து பேசுவோம்.

ஜி.டி.நாயுடு இளைஞரா இருந்தப்ப ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கி, முழுசா பிரிச்சு மறுபடி பூட்டினாருன்னு நம்ம பக்கத்துல சொல்லாத ஆள் இல்ல. அவரு 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல பஸ் விட்டவரு. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால, நமக்கும் எதையும் பிரிக்கலாம்னு ஒரு தைரியம் வந்துடுது. தைரியம் நல்லதுதான். ஆனா பிரிக்கிறது பாதி வேலை. பூட்டின பிறகு நிதானமா நின்னு பார்க்கிறது மீதிப் பாதி. நான் அந்த மீதியை விட்டுட்டேன். அம்மாவோட மூக்கு அன்னைக்கு எங்களைக் காப்பாத்துச்சு.

இப்ப எங்க போர்டிகோவுல வண்டி நிக்கிறது இல்ல. வேப்ப மரத்தடியில நிக்குது. தீயணைப்பான் ஒண்ணு வாசல் ஓரமா மாட்டியிருக்கு. அம்மா தினமும் விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துட்டுதான் தீக்குச்சியை உரசுறாங்க. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நூத்தம்பது ரூபாய்தான் ஞாபகம் வருது.

உங்க வீட்லயும் ஒரு பழைய வண்டி இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை பானட்டைத் திறந்து அந்த ஹோஸை மட்டும் ஒரு தடவை விரலால அமுக்கிப் பாருங்க. விறைப்பா இருந்தா, கீறல் தெரிஞ்சா, அன்னைக்கே மாத்துங்க.